வெயிலைக் கொண்டு நீரைப் பிரித்தல்

உழவர் தம் வயலுக்கு இடும் யூரியா எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உரத் தொழிற்சாலையிலிருந்து என்று எவரும் விடை கூறுவர். அத்தொழிற்சாலைக்கு அடிப்படையான பொருள் யாது என்று மேலும் கேட்டால், அம்மோனியா என்று ரசாயனம் பயின்ற மாணவர் கூறுவர். அம்மோனியாவோ நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர்ந்த அழுத்தத்தில் இணைத்துச் செய்யப்படுவது. காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆகவே அதற்குப் பஞ்சமில்லை. ஹைட்ரஜன் எங்கிருந்து கிடைக்கிறது? இந்தக் கேள்வியே இன்றைய என் பேச்சுக்கு வித்து.

இன்று உலகத் தொழில்களில் பயன்படும் ஹைட்ரஜனில் மிகப் பெரும் பகுதி, நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்படுவதாகும். இயற்கை வாயுவை நீராவியுடன் கலந்து கடும் வெப்பத்தில் சிதைக்கிறார்கள். இம்முறையில் 1 கிலோகிராம் ஹைட்ரஜன் பெறுவதற்குள் ஏறத்தாழ 9 அல்லது 10 கிலோகிராம் கரியமிலவாயு காற்றில் கலந்துவிடுகிறது. பூமியின் வெப்பநிலை உயர்ந்து வருவதற்குக் கரியமிலவாயுவே தலையாய காரணம் என்பது நீங்கள் அறிந்ததே. நாம் உண்ணும் சோற்றுக்கும் வானிலை மாறுபாட்டுக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. மேலும், பூமியிலிருந்து எடுக்கும் வாயு என்றேனும் ஒரு நாள் தீர்ந்து போகக்கூடியதே.

ஆனால் ஹைட்ரஜனுக்கு மற்றொரு களஞ்சியம் உண்டு. அதுவே நீர். 9 கிலோகிராம் நீரைப் பிரித்தால் 1 கிலோகிராம் ஹைட்ரஜனும் 8 கிலோகிராம் ஆக்ஸிஜனும் கிடைக்கும். கடல் சூழ்ந்த உலகில் இதற்குக் குறைவேது? அப்படியானால் தொழிற்சாலைகள் ஏன் நீரை நாடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். விறகு எரிந்தபின் எஞ்சுவது சாம்பல். அவ்வாறே ஹைட்ரஜன் எரிந்தபின் எஞ்சுவது நீர். நீரை ஹைட்ரஜனின் சாம்பல் என்றே கூறலாம். சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமாயின், எரியும்போது வெளிப்பட்ட சக்தி முழுவதையும் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். அந்தச் சக்தியை நிலக்கரியை எரித்துப் பெற்றால் பயன் ஒன்றுமில்லை. ஆகவே விஞ்ஞானிகளின் கண் கதிரவன் மீது சென்றது.

மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரிக்கலாம் என்பது பழைய செய்தி. வோல்டா தாம் அமைத்த மின்கல அடுக்கைப் பற்றி 1800-ஆம் ஆண்டில் அறிவித்தார். அதே ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்ற இரு ஆங்கிலேயர் அத்தகைய அடுக்கின் கம்பிகளை நீரில் அமிழ்த்தி, இரு முனைகளிலும் வாயுக் குமிழிகள் எழுவதைக் கண்டனர். உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஹாப்மன் கருவியைக் கண்டிருப்பீர்கள். அதன் ஒரு குழாயில் சேரும் ஹைட்ரஜன், மற்றொரு குழாயில் சேரும் ஆக்ஸிஜனைப்போல் இரு மடங்கு கனஅளவு உடையதாக இருக்கும். இச்செயல் நிகழக் கணக்குப்படி வேண்டிய மிகக் குறைந்த மின்னழுத்தம் 1.23 வோல்ட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் இவ்வெண் நம்முடன் வரும்.

இனி ஒளியைப் பார்ப்போம். ஒளி தொடர்ந்து ஓடும் நீரோட்டம் போலன்றி, சிறு சிறு சக்திப் பொட்டலங்களாக வந்து சேர்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பௌதிக அறிஞர்கள் கண்ட உண்மை. அப்பொட்டலங்களுக்கு போட்டான் என்று பெயர். சிவப்பு ஒளியின் போட்டானில் ஏறத்தாழ 1.8 எலெக்ட்ரான் வோல்ட் சக்தியும், ஊதா ஒளியின் போட்டானில் ஏறத்தாழ 3 எலெக்ட்ரான் வோல்ட் சக்தியும் அடங்கியுள்ளன. நீரைப் பிரிக்க ஓர் எலெக்ட்ரானுக்கு வேண்டியதோ 1.23 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அப்படியாயின் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் இந்த வேலைக்குப் போதுமானதன்றோ? ஆயினும் கோடையில் வெயில் கொளுத்தும் ஏரிகளில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுவதில்லை. காரணம் எளிது. நீர் தெளிவான பொருள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது ஏற்பதில்லை. ஏற்காத ஒளி எவ்வேலையையும் செய்யாது. ஆகவே ஒளியை ஏற்று, அதன் சக்தியை நீருக்குக் கைமாற்றிக் கொடுக்கும் ஓர் இடைப்பொருள் தேவை.

பச்சை இலையில் இயற்கை அத்தகைய இடைப்பொருளை வைத்திருக்கிறது. இலைகள் வெயிலில் நீரைப் பிரித்து, ஆக்ஸிஜனை வெளியே விட்டு, எஞ்சியதைக் கொண்டு மாவுப்பொருளைச் செய்கின்றன. இத்தாலி நாட்டு ரசாயன அறிஞர் சியாமீசியன், 1912-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கூடிய பேரவை ஒன்றில் உரையாற்றியபோது, நிலக்கரியை நம்பி வாழும் நாகரிகம் கதிரவனை நம்பி வாழும் நாகரிகமாக மாற வேண்டும் என்றும், செடிகளின் இரகசியத்தை மனிதன் கைக்கொள்ள வேண்டும் என்றும் கருத்துரைத்தார். அவர் கூறிய வழியில் நடப்பதற்கு உதவும் பொருள்களே குறைகடத்திகள்.

செம்பு போன்ற உலோகங்கள் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகின்றன, கண்ணாடி கடத்துவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை சிலிக்கன், ஜெர்மானியம் போன்ற குறைகடத்திகள். இவற்றில் எலெக்ட்ரான்கள் தங்குவதற்கு இரண்டு நிலைகள் உண்டு. கீழ்நிலையில் உள்ள எலெக்ட்ரான்கள் அணுக்களோடு பிணைப்புண்டு நகராமல் கிடக்கின்றன. மேல்நிலைக்குச் சென்றவை தடையின்றி உலவுகின்றன. இரண்டுக்கும் நடுவே எலெக்ட்ரான் தங்க இயலாத இடைவெளி ஒன்று உண்டு. இதைச் சக்தி இடைவெளி என்பர். இடைவெளிக்குக் குறையாத சக்தியுள்ள போட்டான் ஒன்று வந்து மோதினால், ஓர் எலெக்ட்ரான் மேலே தூக்கப்படுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடத்தைத் துளை என்று அழைக்கிறோம். மேலே சென்ற எலெக்ட்ரான் பிறிதொன்றுக்குத் தன்னைக் கொடுக்கத் துடிக்கிறது. கீழேயுள்ள துளை பிறிதொன்றிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கத் துடிக்கிறது. நீரைப் பிரிக்க வேண்டிய இரு கருவிகளும் இவையே.

இதை நம் கிணற்று ஏற்றத்தைக் கொண்டு விளக்கலாம். கிணற்றின் அடியில் ஊற்று. மேலே வயலுக்குச் செல்லும் வாய்க்கால். இறைப்பவர் சாலில் நீரை முகந்து மேலே தூக்கி வாய்க்காலில் ஊற்றுகிறார். குறைந்த நீரை ஊற்று மீண்டும் நிரப்புகிறது. நம் கதையில் இறைப்பவர் கதிரவன். நீருக்குப் பதில் எலெக்ட்ரான். வாய்க்கால் என்பது ஹைட்ரஜன் உண்டாகும் மட்டம். ஊற்று என்பது நீரிலிருந்து எலெக்ட்ரான் கழன்று ஆக்ஸிஜன் உண்டாகும் மட்டம். இவ்விரண்டுக்கும் உள்ள உயர வேறுபாடே முன்பு கூறிய 1.23 வோல்ட். கிணற்றின் அடி ஊற்று மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் ஊற்றுநீர் உள்ளே வரும். சால் உயரும் மட்டம் வாய்க்காலுக்கு மேலே இருந்தால்தான் நீர் அதனுள் பாயும். எனவே குறைகடத்தியின் கீழ்நிலை ஊற்றுக்குக் கீழேயும், மேல்நிலை வாய்க்காலுக்கு மேலேயும் அமைய வேண்டும். சாலில் ஓட்டை இருத்தலும் ஆகாது. தூக்கிய எலெக்ட்ரான் வாய்க்காலை அடையுமுன் மீண்டும் துளையிலேயே வீழ்ந்துவிட்டால், வெயில் வெறும் வெப்பமாக வீணாகும்.

எலெக்ட்ரானையும் துளையையும் விரைவாகப் பிரித்து வைக்க இயற்கையே ஓர் உபாயம் தந்திருக்கிறது. குறைகடத்தியை உப்புக் கரைசலில் அமிழ்த்தினால், அதன் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் ஒரு மின்புலம் தானாகவே தோன்றுகிறது. எதிர்வகைக் குறைகடத்தி எனப்படும் பொருளாயின், அந்தப் புலம் துளைகளை மேற்பரப்புக்கும் எலெக்ட்ரான்களை உள்ளேயும் தள்ளுகிறது. நீரைத் தொடுவதே போதும். வேறு சந்தி எதையும் அரிதில் செய்ய வேண்டியதில்லை. பாரிஸ் நகரில் எட்மண்ட் பெக்கரல் என்ற பத்தொன்பது வயது இளைஞர் 1839-ஆம் ஆண்டிலேயே, கரைசலில் அமிழ்ந்த மின்வாய் மீது ஒளி படும்போது மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். அதன் உட்காரணம் அவர் காலத்தில் விளங்கவில்லை. டிரான்சிஸ்டரைக் கண்டவர்களுள் ஒருவரான பிராட்டெய்ன், காரெட் என்பவருடன் சேர்ந்து 1955-இல் ஜெர்மானியத்தையும் கரைசலையும் ஆராய்ந்து வெளியிட்ட பிறகே இத்துறை உறுதியான அடித்தளம் பெற்றது.

இப்பொழுது கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டா என்ற பேராசிரியரிடம் அக்கிரா புஜிஷிமா என்ற மாணவர் பயின்று வந்தார். டைட்டேனியம் டை ஆக்ஸைடின் ஒற்றைப் படிகத்தைக் கரைசலில் வைத்து, அதனைக் கம்பியால் பிளாட்டினத்துடன் இணைத்து, செனான் விளக்கின் ஒளியை அதன்மேல் பாய்ச்சினார். படிகத்தின் மீது ஆக்ஸிஜனும் பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜனும் தோன்றின. விளக்கை அணைத்தால் செயல் நின்றது. படிகமோ சற்றும் கரையவில்லை. இருவரும் இந்த முடிவுகளை 1972-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே உலகில் எண்ணெய் நெருக்கடி தோன்றி, கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. நீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் எரிபொருள் பெறலாம் என்ற செய்தி அவ்வேளையில் எத்துணை ஆர்வத்தை எழுப்பியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

டைட்டேனியம் டை ஆக்ஸைடு உங்களுக்குப் புதிய பொருளன்று. வீட்டுச் சுவர்களுக்குப் பூசும் வெள்ளைச் சாயத்தின் வெண்மை அதனால் வந்ததே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கும் இல்மனைட் என்னும் தாது, டைட்டேனியமும் இரும்பும் ஆக்ஸிஜனும் கலந்ததாகும். ஆகவே மூலப்பொருளுக்குக் குறைவில்லை. நீரிலும் ஒளியிலும் ஆண்டுக் கணக்கில் நின்றாலும் அது கெடுவதில்லை. இத்தனை நற்குணங்களும் உடைய அப்பொருளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. ரூட்டைல் என்ற அதன் படிக வகையின் சக்தி இடைவெளி 3.0 எலெக்ட்ரான் வோல்ட். அனட்டேஸ் என்ற வகைக்கு 3.2. அவ்வளவு சக்தியுள்ள போட்டான்கள் புறஊதாக் கிரணங்களிலேயே உண்டு. பூமியை வந்தடையும் சூரிய சக்தியில் அவற்றின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 5 அல்லது அதற்கும் குறைவு. எஞ்சிய 95 பங்கு வெயில் அப்படிகத்துக்கு இருந்தும் இல்லாததே. ஹைட்ரஜனை வெளிப்படுத்த ரூட்டைலுக்கு வெளியிலிருந்து சிறிது மின்னழுத்த உதவியும் வேண்டியிருந்தது.

ஒரு பொருள் எவ்வளவு வெயிலை ஏற்கும் என்பதை அதன் நிறத்தைக் கொண்டே ஓரளவு கூறிவிடலாம். இது கண்ணால் செய்யக்கூடிய பௌதிகம். வெண்மையான குறைகடத்தி, கண்ணுக்குத் தெரியும் ஒளி எதனையும் ஏற்காமல் திருப்பி அனுப்புகிறது. அதன் இடைவெளி 3 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்டது. மஞ்சள் பொருள் நீல ஒளியை விழுங்குகிறது. அதன் இடைவெளி 2.4-ஐ ஒட்டியது. சிவந்த பொருள் நீலத்தையும் பச்சையையும் விழுங்குகிறது. அதன் இடைவெளி 2-ஐ ஒட்டியது. கருமையானது அனைத்தையும் விழுங்குகிறது. நீரைப் பிரிக்கக் கணக்குப்படி 1.23 போதுமென்றாலும், வழியில் நேரும் இழப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 1.8 முதல் 2.2 வரையுள்ள இடைவெளியே ஒற்றைப் பொருளுக்கு ஏற்றது என்று கருதப்படுகிறது. ஆகவே விஞ்ஞானிகள் வெள்ளையை விட்டு, மஞ்சளையும் சிவப்பையும் தேடிச் சென்றார்கள்.

சிவப்பில் முதலில் நிற்பது காவிக்கல். இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஹேமடைட் என்ற அப்பொருள், நம் கோயில் மதில்களில் பட்டையாகத் தீட்டப்படும் செங்காவிக்கு நிறம் தருவது. மலிவானது, நஞ்சற்றது, நீரில் கெடாதது. இடைவெளியும் ஏறக்குறைய 2.1. இதைவிடச் சிறந்த பொருள் வேறென்ன வேண்டும்? ஆனால் இயற்கை எல்லா வரங்களையும் ஒரே பொருளுக்கு அளிப்பதில்லை. காவியில் பிறக்கும் துளை, சில நானோமீட்டர் தொலைவு செல்வதற்குள் எலெக்ட்ரானோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. ஒளியோ நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஆழம் வரை உள்ளே சென்றே முழுமையாக ஏற்கப்படுகிறது. ஆழத்தில் பிறந்த துளைகள் மேற்பரப்பை அடையாமலே மாய்கின்றன. இதற்கு மாற்றாக, காவியை மிக நுண்ணிய குச்சிகளாக வளர்க்கிறார்கள். ஒளி குச்சியின் நீளவாட்டில் நெடுந்தொலைவு செல்லலாம். துளை அகலவாட்டில் சிறு தொலைவு சென்றால் போதும். இருந்தும் காவியின் மேல்நிலை ஹைட்ரஜன் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால், சால் வாய்க்காலை எட்டவில்லை. அதனைத் தூக்கிவிட வேறொரு துணை வேண்டும்.

மஞ்சளில் காட்மியம் ஸல்பைடு முன்னே நின்றது. ஓவியர்கள் பயன்படுத்தும் காட்மியம் மஞ்சள் இதுவே. இதன் மேல்நிலை, கீழ்நிலை இரண்டும் நீரைப் பிரிப்பதற்குரிய இடங்களிலேயே அமைந்துள்ளன. ஆனால் வெயிலில் பிறந்த துளைகள் நீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறிப்பதற்குப் பதிலாக, தம்மைப் பெற்ற ஸல்பைடிடமிருந்தே பறிக்கின்றன. பொருள் தன்னைத்தானே தின்று கரைந்து போகிறது. இதை ஒளி அரிப்பு என்பர். சிலிக்கனும் நீரில் சுகமாக வாழ்வதில்லை. அதன் மேல் மணலைப் போன்ற ஆக்ஸைடுப் படலம் படர்ந்து மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. அதன் இடைவெளியும் 1.1 எலெக்ட்ரான் வோல்ட். தனித்து நின்று நீரைப் பிரிக்க அது போதாது. பிஸ்மத் வனடேட் என்ற மற்றொரு மஞ்சள் பொருள் ஓரளவு தாக்குப் பிடிக்கிறது. ஆனால் அதன் இடைவெளி 2.4 ஆதலால், எவ்வளவு முயன்றாலும் வெயிலில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்குக்கு மேல் அதனால் ஹைட்ரஜனாக மாற்ற இயலாது.

ஆக, சிக்கல் இதுதான். நெடுநாள் உழைக்கும் பொருள்கள் வெயிலைப் போதிய அளவு ஏற்பதில்லை. வெயிலை நன்றாக ஏற்கும் பொருள்கள் நெடுநாள் உழைப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் மல்லாடிவருவது இந்த ஒரு முரண்பாட்டோடுதான். இதனைக் கடக்க மூன்று வழிகளில் முயற்சி நடைபெறுகிறது. அவற்றைச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

முதல் வழி, இலையிடம் கற்ற பாடம். இலை ஒரே தாவலில் நீரைப் பிரிப்பதில்லை. இரண்டு போட்டான்களை வாங்கி, இரண்டு படிகளில் எலெக்ட்ரானை மேலேற்றுகிறது. அவ்வாறே இரண்டு குறைகடத்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேலுள்ளது நீல, பச்சை ஒளியையும், அதனைக் கடந்து செல்லும் சிவப்பு ஒளியைக் கீழுள்ளதும் ஏற்கும். இரண்டின் மின்னழுத்தங்களும் கூடி நீரைப் பிரிக்கப் போதுமானதாகிவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜான் டர்னரும் ஆஸ்கர் கசேலெவும் காலியம் இண்டியம் பாஸ்பைடையும் காலியம் ஆர்ஸனைடையும் இவ்வாறு அடுக்கி, 1998-ஆம் ஆண்டில் ஒளிச்சக்தியில் நூற்றுக்கு 12.4 பங்கை ஹைட்ரஜனாக மாற்றிக் காட்டினர். 2018-இல் ஜெர்மானிய, அமெரிக்க விஞ்ஞானிகள் கூடி இதனை 19.3 வரை உயர்த்தினர். ஆனால் இத்தகைய படிகங்கள் விலை மிகுந்தவை. நீரில் அவற்றின் ஆயுளை ஆண்டுக் கணக்கிலன்றி மணிக் கணக்கிலேயே கூற வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி, கவசம் அணிவித்தல். முதலில் கூறிய டைட்டேனியம் டை ஆக்ஸைடு இங்கே மீண்டும் வருகிறது. ஒளியை ஏற்பதில் தோற்ற அப்பொருள், சிலிக்கனைக் காக்கும் கவசமாக வெற்றி பெறுகிறது. கலிபோர்னியாவில் நேதன் லூயிஸின் குழுவினர், அணு அணுவாகப் படிய வைக்கும் முறையால் அதனை மெல்லிய படலமாகச் சிலிக்கன் மீதும் காலியம் ஆர்ஸனைடு மீதும் போர்த்தி, அவை கரையாமல் உழைப்பதை 2014-இல் அறிவித்தனர். கவசத்தின்மேல் கிரியா ஊக்கிகளையும் பதிக்க வேண்டும். ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு பிறக்க, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலெக்ட்ரான்களைக் கழற்ற வேண்டும். நான்கு துளைகள் ஓரிடத்தில் காத்திருந்து கூடிச் செய்ய வேண்டிய வேலை இது. ஆகவே இது மிக மெதுவாக நடக்கிறது. இதனை விரைவுபடுத்த இரிடியம், ருதீனியம் போன்ற அரிய உலோகங்களின் ஆக்ஸைடுகள் சிறந்தவை. ஆயினும் மலிவான நிக்கல், இரும்பு, கோபால்ட் ஆகியவற்றைக் கொண்டும் இப்பணியைச் செய்யலாம் எனக் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வழி, எளிமையை நாடுவது. கம்பியும் வேண்டாம், அடுக்கும் வேண்டாம். குறைகடத்தியைப் பொடியாக்கி, கிரியா ஊக்கியை அதன்மீது பதித்து, நீரில் வைத்து வெயிலில் விட்டுவிடுவது. ஜப்பானிய விஞ்ஞானி கசுனாரி டோமன் இத்துறையில் நெடுங்காலம் உழைத்து வருபவர். அலுமினியம் சிறிது கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் பொடியைக் கொண்டு, விழுங்கப்பட்ட புறஊதாப் போட்டான்களில் ஏறக்குறைய ஒவ்வொன்றையும் நீரைப் பிரிக்கும் வேலையில் ஈடுபடுத்தலாம் என்று அவர் குழுவினர் 2020-இல் காட்டினர். சாலின் ஓட்டையை முற்றிலும் அடைத்துவிடலாம் என்பதற்கு இது சான்று. அதே பொடியைத் தகடுகளில் பூசி, 100 சதுரமீட்டர் பரப்பில் திறந்த வெளியில் நிறுவி, ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சவ்வின் வழியே பிரித்தெடுத்த செய்தி 2021-இல் வெளிவந்தது. இரு வாயுக்களும் கலந்து வருவது வெடிக்கும் அபாயம் உடையதாதலால், பிரித்தெடுத்தது பெரும் சாதனையே. ஆனால் வெயிலில் பயனாக மாறியது நூற்றுக்கு 0.76 பங்கு மட்டுமே. 2023-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், இண்டியம் காலியம் நைட்ரைடைக் கொண்டு, குவிக்கப்பட்ட ஒளியில் 9 பங்குக்கு மேல் பெற்றதாக அறிவித்தனர்.

நூற்றுக்கு இத்தனை பங்கு என்று நான் கூறிக்கொண்டே போவதில் உண்மையான பொருள் என்ன என்பதை ஒரு கணக்கால் தெளிவுபடுத்துகிறேன். நல்ல வெயில் உள்ள நாளில் ஒரு சதுரமீட்டர் நிலத்தில் 5 கிலோவாட் மணி சக்தி விழுகிறது என்று கொள்வோம். அதில் நூற்றுக்கு 10 பங்கு பயன்பட்டால், ஒரு நாளில் கிடைக்கும் ஹைட்ரஜன் சுமார் 15 கிராம். அதற்காகச் செலவாகும் நீர் சுமார் 137 கிராம். அதாவது ஒரு டம்ளர் நீருக்கும் குறைவு. பலர் அஞ்சுவது போல இச்செயல் ஆறுகளையும் ஏரிகளையும் வற்றச் செய்வதன்று. அரிதாக இருப்பது நீரன்று, பரப்பும் பொருளுமே. நாளொன்றுக்கு 1 கிலோகிராம் ஹைட்ரஜன் பெற இந்தக் கணக்கில் சுமார் 66 சதுரமீட்டர் போதும். பங்கு 1 ஆகக் குறைந்தால் 660 சதுரமீட்டர் வேண்டும். அத்தனை பரப்புக்கும் கண்ணாடி, குழாய், சவ்வு ஆகிய அனைத்தும் வேண்டும். திறன் குறைந்த பொருள் எவ்வளவு மலிவானதாயினும், அதைத் தாங்கும் சட்டமும் குழாயும் மலிவாக இரா.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, வேறொரு கேள்வி கேட்கக்கூடும். கூரையில் சிலிக்கன் தகடுகளை வைத்து மின்சாரம் பெற்று, அந்த மின்சாரத்தால் தனியே நீரைப் பிரித்தால் என்ன? இவ்வளவு தொல்லை எதற்கு? நியாயமான கேள்விதான். இன்றைய நல்ல சிலிக்கன் தகடு வெயிலில் நூற்றுக்கு 20 பங்கை மின்சாரமாக்குகிறது. நல்ல மின்பகுப்புக் கருவி அதில் ஏறத்தாழ 65 முதல் 70 பங்கை ஹைட்ரஜனாக மாற்றுகிறது. ஆக மொத்தம் 13 அல்லது 14 பங்கு கிடைக்கிறது. இந்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒப்புதல் அளித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனைக் குறிக்கோளாகக் கொண்டது. கைக்கு எட்டிய வழியென்ற முறையில் அம்முயற்சி மின்பகுப்புக் கருவிகளையே முதன்மையாக நம்பியிருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு வழிகளையும் பகையாக எண்ணுவது தவறு என்பேன். இன்றைய தேவைக்குத் தகடும் மின்பகுப்பும் உதவும். ஆனால் அவ்வழியில் இரண்டு தனித்தனிக் கருவிகள், நடுவே மின் இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் விலை. நீரைத் தொட்டவுடன் தானாகவே மின்புலம் தோன்றும் குறைகடத்தியில் இவையனைத்தும் ஒரே பரப்பில் அடங்கிவிடும். சுவருக்குச் சாயம் பூசுவதுபோல் ஒரு பொடியைப் பூசி ஹைட்ரஜன் பெறும் நாள் வருமாயின், உரத் தொழிற்சாலை இயற்கை வாயுக் குழாயை நோக்கி நிற்க வேண்டியதில்லை. அந்த நாள் வந்தே தீரும் என்று நான் உறுதி கூறவில்லை. வரக்கூடாது என்று விதிக்கும் இயற்கை நியதி ஒன்றும் இல்லை என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவேன். இலை அதனை நாள்தோறும் செய்து வருகிறது.

இலையைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். நீரைப் பிரிக்கும் வேலையில் இலையின் உறுப்புகளும் அழியாமல் இருப்பதில்லை. அவ்வேலையில் ஈடுபட்ட புரதங்களுள் ஒன்று, கடும் வெயிலில் அரைமணி நேர அளவிலேயே சிதைந்து போகிறது. இலை அதனை அகற்றிவிட்டுப் புதியதொன்றை அமைத்துக்கொள்கிறது. அழியாத பொருளை இயற்கை தேடவில்லை. அழிவதைப் புதுப்பிக்கும் கலையைப் பயின்றது. நம் குறைகடத்திகளுக்கு அந்தக் கலை இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. கரைந்த கிரியா ஊக்கி கரைசலிலிருந்து மீண்டும் தானே படியும்படி செய்யும் முயற்சிகள் அத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட முதல் அடிகளாகும்.

மாணவ நண்பர்களே, இத்துறைக்குள் நுழைய ஒரே ஒரு பாடத்தை மட்டும் கற்றால் போதாது. எலெக்ட்ரான் உயர்வதை அறியப் பௌதிகம் வேண்டும். குமிழி எழுவதை அறிய ரசாயனம் வேண்டும். இலையிடம் கற்கத் தாவரவியல் வேண்டும். கணக்கைச் சரிபார்க்கக் கணிதம் வேண்டும். டோக்கியோவில் அந்தப் படிகத்தை நீரில் வைத்தவர் உங்களைப் போன்ற ஒரு மாணவரே. பாரிஸில் பெக்கரலின் வயதும் உங்கள் வயதே. அவர்களுக்குக் கிடைக்காத கருவிகள் பலவும் உங்கள் கைக்கு எட்டும் காலம் இது. வெள்ளை, மஞ்சள், காவி என்று இதுவரை சோதித்த பொருள்கள் ஏராளம். மூலகங்களைக் கூட்டிச் செய்யக்கூடியவையோ அவற்றைவிடப் பன்மடங்கு. நெடுநாள் உழைப்பதும், வெயிலை நன்கு ஏற்பதும், மலிவாகக் கிடைப்பதுமான ஒரு பொருள் அவற்றுள் எங்கோ இருக்கக்கூடும். அதைத் தேடும் பொறுமையும் பயிற்சியும் உங்களுக்கு வாய்க்குமாக.